ரோயல் ஸ்கூல்ஸா, டிரினிட்டியா? கிரேட் 3 முடித்த பிள்ளைக்கு எந்தப் பியானோ சோதனை நல்லது?

உவர்மலை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. ஐந்து வருடமாகப் பியானோ பழகுகிறாள். போன வருடம் லண்டன் சோதனைச் சபையான ரோயல் ஸ்கூல்ஸ், அதாவது ஏபிஆர்எஸ்எம், வைக்கும் கிரேட் 3 செய்து 118 புள்ளி எடுத்தாள். இரண்டு புள்ளியில் மெரிட் தவறிவிட்டது என்று ஒரு கிழமை பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இப்போது அவளுக்குப் படிப்பித்த ரீச்சர் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். உப்புவெளிப் பக்கம் ஒரு மிஸ் வடிவாகப் படிப்பிப்பார் என்று சொல்கிறார்கள். ஆனால் அவர் பிள்ளைகளை டிரினிட்டி என்ற மற்ற லண்டன் சபையின் சோதனைக்குத்தான் விடுவாராம். நடுவில் மாறினால் திரும்பவும் கிரேட் 1இல் இருந்து தொடங்க வேண்டுமா? இரண்டில் எதற்கு மதிப்பு அதிகம்? வீட்டில் இருந்தே வீடியோ எடுத்து அனுப்பும் சோதனையும் இருக்கிறதாமே, அதற்கும் அதே சான்றிதழா?

வீடியோவைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிரேட் 3க்கு திருகோணமலையில் இருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். விடியப்புறம் இறங்கி, ஸ்டேஷனில் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, ஓட்டோ பிடித்துப் போய், பன்னிரண்டு நிமிடச் சோதனை. பிறகு பஸ்ஸில் திரும்ப வீடு. உள்ளே ஸ்கேல், அதாவது சுர வரிசை, வாசிக்கும்போது கண் சொக்கியது என்று பிள்ளை பிறகுதான் சொன்னாள். அந்த இரண்டு புள்ளி ரயிலில்தான் போனது என்று எனக்கு இன்றுவரை மனதில் இருக்கிறது.

உட்துறைமுக வீதி பியானோ ரீச்சர்

அம்மா, முதல் பயத்தை விடுங்கள். எந்தச் சபையும் முந்திய கிரேட் சான்றிதழைக் கொண்டு வா என்று கேட்பதில்லை. ஒரு சபையில் 3 செய்துவிட்டு இன்னொன்றில் 4 செய்யலாம். நேராக 5க்குப் போகவும் தடை இல்லை. ஏபிஆர்எஸ்எம்மில் கிரேட் 6இல் மட்டும் ஒரு கதவு பூட்டியிருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மதிப்பு என்று கேட்டால் இரண்டும் பழைய, பெரிய சபைகள். ஏபிஆர்எஸ்எம் 1889இல் தொடங்கியது. டிரினிட்டி அதற்கும் முன்பே, 1877இல் இருந்து சோதனை வைக்கிறது. இங்கிலாந்தில் இரண்டையும் ஒரே அரச அமைப்புத்தான் மேற்பார்வை செய்கிறது. அதன் அளவில் கிரேட் 8 என்றால் இரண்டும் ஒரே படி. அங்கே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது கிரேட் 6, 7, 8க்குக் கொடுக்கும் நுழைவுப் புள்ளியும் ஒன்றுதான்: கிரேட் 8 டிஸ்டிங்ஷனுக்கு 30, மெரிட்டுக்கு 24, பாஸுக்கு 18. எங்கள் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு, உங்களுக்கே தெரியும், உயர்தரப் பரீட்சை இசட் புள்ளிதான் கணக்கு. ஆகவே பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டாம். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏபிஆர்எஸ்எம் நேரடிச் சோதனைக்கு மொத்தம் 150. மூன்று பீஸ், அதாவது இசைத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் 30. ஸ்கேல் 21, முன்பு பார்க்காத தாளைப் பார்த்து உடனே வாசிக்கும் சைட் ரீடிங் 21, காதால் கேட்டுச் சொல்லும் ஓரல் 18. பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. டிரினிட்டிக்கு மொத்தம் 100. மூன்று பீஸுக்கு 22 வீதம் 66, ஸ்கேல், விரல் பயிற்சி அடங்கிய டெக்னிக்கல் வேர்க் 14, துணைச் சோதனை இரண்டு, பத்துப் பத்து. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. மகளின் 118ஐ நூற்றுக்கு மாற்றினால் 78க்கு மேலே வரும். டிரினிட்டி என்றால் மெரிட் கிடைத்திருக்குமே என்று நினைப்பீர்கள். தயவுசெய்து அப்படிக் கணக்குப் பார்க்காதீர்கள். இரண்டு இடத்திலும் புள்ளி போடும் முறை வேறு. பிள்ளைக்கு அந்தக் கணக்கைச் சொல்லவும் வேண்டாம்.

பெரிய வித்தியாசம் அந்தத் துணைச் சோதனையில் இருக்கிறது. டிரினிட்டியில் கிரேட் 5 வரை சைட் ரீடிங், ஓரல், அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிக்கும் இம்ப்ரொவைசேஷன், இசையறிவுக் கேள்விகள் என்ற நான்கில் இரண்டைப் பிள்ளையே தெரிவுசெய்யலாம். ஏபிஆர்எஸ்எம்மில் அந்தத் தெரிவு இல்லை, சைட் ரீடிங்கும் ஓரலும் கட்டாயம். கூச்சமுள்ள, பாடச் சொன்னால் அழுகிற பிள்ளைக்கு டிரினிட்டியின் முறை பெரிய ஆறுதல். ஆனால் சைட் ரீடிங் வராது என்று ஐந்து கிரேட்டும் அதைத் தவிர்த்து வருகிற பிள்ளைக்கு கிரேட் 6இல் அது கட்டாயமாகி வாசலில் நிற்கும். ஐந்து வருடம் பழகாததை ஒரு வருடத்தில் பழக முடியாது. இதை நான் என் வகுப்பிலேயே பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மிஸ்ஸிடம் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சோதனையில் தெரிவுசெய்யாவிட்டாலும் சைட் ரீடிங் படிப்பிப்பீர்களா?" அவர் ஆம் என்றால் எந்தச் சபை என்று யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

நிலாவெளி அப்பா

வீடியோ சோதனை பற்றி என் அனுபவம். மகன் ஏபிஆர்எஸ்எம் பெர்ஃபோமன்ஸ் கிரேட் 4 செய்தான். நான்கு பீஸ், ஒவ்வொன்றுக்கும் 30, முழு வாசிப்பும் ஒன்றாக எப்படி இருந்தது என்பதற்கு இன்னொரு 30. ஸ்கேல், சைட் ரீடிங், ஓரல் மூன்றும் இல்லை. நான்கு பீஸையும் ஒரே மூச்சில், கமராவை நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் எடுக்க வேண்டும். நான்காவதில் பிழைத்தால் முதலில் இருந்துதான்.

எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. காற்று, காகம், பக்கத்துக் கோவில் ஒலிபெருக்கி, ஃபேனை நிறுத்தினால் பிள்ளைக்கு வியர்த்துக் கை வழுக்கும். எங்களிடம் இருப்பது டிஜிட்டல் பியானோ. ஒரு தடவை மூன்று பீஸ் அருமையாக வாசித்து நான்காவதில் பாதிக்கு வர, கரண்ட் போய்விட்டது. மகன் மூடியைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான். நானும் பின்னால் போய்ப் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு, ஊர் எழும்ப முன், அவனாகவே எழும்பி வாசித்தான். அதைத்தான் அனுப்பினோம்.

சான்றிதழ் அதே மட்டந்தான், பெர்ஃபோமன்ஸ் என்று தனியாகப் போட்டிருக்கும். பயணம் மிச்சம், காசு மிச்சம். 2022இல் ரூபா விழுந்த பிறகு கட்டணமே மலையாகிவிட்டது. அதற்கு மேல் தாயும் பிள்ளையும் கொழும்பில் ஒரு இரவு தங்குவது என்றால் எங்களுக்கு முடியாத காரியம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வருடம் முழுக்க அவன் ஸ்கேல் பக்கமே போகவில்லை. சோதனையில் இல்லாததை ஏன் பழக வேண்டும் என்று கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டச்சு பே தம்பி

நிலாவெளி அண்ணா, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

நான் கிரேட் 6 வரை செய்தவன். எந்தச் சபை என்பது முக்கியமில்லை, எனக்குப் படிப்பித்தவரின் பெயரும் வேண்டாம். வருடத்துக்கு மூன்று பீஸ். தை மாதம் தொடங்கி சோதனை வரும்வரை அதே மூன்று பீஸ். ஒவ்வொரு விரலும் எங்கே போக வேண்டும் என்று அவர் வாசித்துக் காட்டுவார், நான் பார்த்து மனப்பாடம் செய்வேன். தாளைப் பார்ப்பதுபோல இருப்பேன், பார்க்கமாட்டேன். புள்ளி நல்லாகவே வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பதினேழு வயதில், நத்தார் ஆராதனைக்கு வழக்கமாக ஓர்கன் வாசிக்கிற ஐயாவுக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. கிரேட் 6 செய்த பிள்ளை இருக்கிறதே என்று என்னிடம் கேட்டார்கள். நான்கு வரிப் பாமாலை. சின்ன வயதில் இருந்து நான் பாடிய பாட்டு. தாளை வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் இருந்தேன், இரண்டு கையும் சேர்ந்து இரண்டு வரிகூட வரவில்லை. கடைசியில் பாடகர் குழு வாத்தியம் இல்லாமல் பாடியது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் பியானோவைத் தொடவில்லை.

இப்போது தினமும் ஒரு பாமாலை, மெதுவாக, பிழைத்தாலும் நிறுத்தாமல் வாசிக்கிறேன். கிரேட் 1 புத்தகத்தில் இருந்து திரும்பத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் வந்தது. ஆறே மாதத்தில் வரக்கூடிய ஒன்றை எட்டு வருடம் யாரும் எனக்குத் தரவில்லை என்ற கவலை இன்னும் போகவில்லை.

அக்கா, உங்கள் மகளின் 118இல் சைட் ரீடிங்குக்கு எத்தனை என்று பாருங்கள். புள்ளித்தாளில் தனித்தனியாக இருக்கும்.

உவர்மலை அம்மா

தம்பி, வாசித்துவிட்டு உடனே எடுத்துப் பார்த்தேன். பீஸ் 25, 26, 24. ஸ்கேல் 15. சைட் ரீடிங் 13. ஓரல் 15. பரீட்சகர் எழுதியதை இதுவரை நான் ஒழுங்காக வாசிக்கவில்லை, மொத்தத்தை மட்டும் பார்த்து வைத்துவிட்டேன்.

உட்துறைமுக வீதி பியானோ ரீச்சர்

அம்மா, இந்தத் தாள் எவ்வளவோ சொல்கிறது. ஏபிஆர்எஸ்எம்மில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாஸ் அளவு வைத்து, அதிலிருந்து கூட்டியோ குறைத்தோ புள்ளி போடுவார்கள். பீஸுக்கு 20, ஸ்கேலுக்கும் சைட் ரீடிங்குக்கும் 14, ஓரலுக்கு 12. ஒரு பகுதியில் குறைந்தாலும் மொத்தம் 100 வந்தால் பாஸ். உங்கள் மகள் பீஸில் நன்றாக வாசித்திருக்கிறாள், பாட்டுக் காதும் இருக்கிறது. சைட் ரீடிங்கில் மட்டும் பாஸ் அளவுக்கு ஒன்று குறைவு. ஸ்கேலும் மட்டுமட்டாகத்தான் தாண்டியிருக்கிறது. ரயிலில் கொஞ்சம் போயிருக்கும், மறுக்கவில்லை. மிச்சம் பழகவேண்டியது.

வீணை ரீச்சர்

நான் பியானோ படிப்பிப்பவள் அல்ல. ஆனால் என்னிடம் பாட்டுப் படிக்கும் நாலைந்து பிள்ளைகள் பியானோவும் பழகுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். மகள் சங்கீதமும் படிக்கிறாளா, அம்மா? ஓரலில் 15 என்றால் படிக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு வட இலங்கை சங்கீத சபைச் சோதனை தெரியும். அறிமுறையும் உண்டு, செய்முறையும் உண்டு, இரண்டையும் சேர்த்தே பழக்குகிறோம். மேலைத்தேய சங்கீதத்தை இன்னொரு உலகம் என்று பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. சி மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஆரோகண அவரோகணம். ஹார்மோனிக் மைனர் கீரவாணி. நாச்சுரல் மைனர் நடபைரவி. சுருதியில் ஒரு கட்டை என்று நாங்கள் சொல்வது பியானோவில் சி, ஐந்து கட்டை ஜி. இதை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். "இதுதானா மிஸ்?" என்று கேட்கும்.

ஓரலில் பரீட்சகர் வாசிப்பதைத் திரும்பப் பாடும்போது மட்டும் ஒரு கவனம். எங்கள் பிள்ளைகள் பழக்கத்தில் கமகம் சேர்த்துவிடுவார்கள். அங்கே சுரத்தை அசைக்காமல் நேராகப் பிடிக்க வேண்டும்.

டிரினிட்டியில் இம்ப்ரொவைசேஷன் தெரிவுசெய்யலாம் என்று ரீச்சர் சொன்னது எனக்குப் புதிது, மிகவும் சந்தோஷமான விஷயம். கொடுத்த ஒரு சின்னத் துண்டை வைத்து அந்த இடத்திலேயே வளர்த்து வாசிப்பது என்றால், கற்பனாஸ்வரம் பழகிய பிள்ளைக்கு அது சொந்த வீடு மாதிரி.

உட்துறைமுக வீதி பியானோ ரீச்சர்

உண்மைதான் ரீச்சர். ஆனால் அங்கே இடது கையும் வேண்டும், எந்தக் கோர்டுக்கு, அதாவது சேர்த்து அமர்த்தும் சுரக் கூட்டுக்கு, எந்தச் சுரம் பொருந்தும் என்ற உணர்வும் வேண்டும். அதைப் பழக்கினால் உங்கள் பிள்ளைகள் மற்றவர்களை விட முன்னுக்கு நிற்பார்கள். டிரினிட்டியில் பிள்ளை தானே இயற்றிய ஒன்றை ஒரு பீஸாக வாசிக்கவும் இடம் உண்டு. திருமலையில் இருந்து ஒரு பிள்ளையாவது அதைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிண்ணியா வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும். இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். மகளிடம் இருப்பது 61 கட்டைக் கீபோர்ட். யூடியூப் பார்த்துத்தான் பழகுகிறாள். இந்தச் சோதனைகளை அவள் செய்யலாமா?

உட்துறைமுக வீதி பியானோ ரீச்சர்

வஅலைக்கும் ஸலாம். பியானோ சோதனைக்கு அது போதாது. அமர்த்தும்போது பாரம் தெரிகிற 88 கட்டை வேண்டும், மிதியும் வேண்டும். ஆனால் டிரினிட்டியிலும் எல்சிஎம் என்ற இன்னொரு சபையிலும் இலெக்ட்ரோனிக் கீபோர்டுக்கென்றே தனிக் கிரேட் இருக்கிறது. தாளம், வாத்திய ஒலி மாற்றுவது எல்லாம் அதில் சோதனையின் ஒரு பகுதி. இருப்பதை வைத்து அதைத் தொடங்கட்டும். பிள்ளையின் கை பழுதாகாமல் உட்காரும் உயரத்தை மட்டும் யாராவது ஒரு தடவை நேரில் பார்த்துத் திருத்தினால் நல்லது. இங்கே கூட்டி வாருங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

எல்சிஎம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லண்டன் கொலிஜ் ஒஃப் மியூசிக், 1887இல் தொடங்கியது. பாஸ் 65, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 85. வாசித்த பீஸ் பற்றிப் பரீட்சகரோடு கதைக்கும் பகுதி அதில் உண்டு. நல்ல விஷயம்தான், ஆனால் ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு எது பதில் என்று தெரிந்தும் வாய் வராது. அந்த வசனங்களையும் ஸ்கேல் மாதிரித் தினமும் சொல்லிப் பழக்கினால் வரும்.

ஸ்காபரோ சித்தி

நான் திருமலை மட்கோ பகுதியில் பிறந்து வளர்ந்தவள், இப்போது கனடா. இங்கே எங்கள் பிள்ளைகள் செய்வது ரோயல் கொன்சவற்றரி, ஆர்சிஎம். அதில் பத்து லெவல், அதற்கு மேலே ஏஆர்சிடி டிப்ளோமா. 60 பாஸ், 70 ஹொனர்ஸ், 80 முதல்தரம். பீஸை மனப்பாடமாக வாசித்தால் அதற்கென்று புள்ளி உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் மனப்பாடத்துக்குத் தனிப் புள்ளி இல்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், குடும்ப வட்ஸப்பில் "எங்கள் பிள்ளை லெவல் 8, உங்கள் பிள்ளை கிரேட் 5தானா" என்று கதை வரும். எட்டில் முடிகிற ஏணியையும் பத்தில் முடிகிற ஏணியையும் படி எண்ணி ஒப்பிட முடியாது. என் அக்காவின் மகள் இந்தக் கதையால் அழுதிருக்கிறாள். உறவுகளே, விட்டுவிடுங்கள்.

உவர்மலை அம்மா

எல்லோருக்கும் நன்றி. வீணை ரீச்சர், நீங்கள் சொன்னது சரி, அவள் பாட்டும் படிக்கிறாள். நேற்று சி மேஜரை வாசித்து சங்கராபரணம் என்று சொன்னேன். அவளே கீரவாணியைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

ரீச்சர், அந்தக் கிரேட் 6 கதவு என்ன?

உட்துறைமுக வீதி பியானோ ரீச்சர்

ஏபிஆர்எஸ்எம்மில் கிரேட் 6, 7, 8 செய்ய, முதலில் தியரி, அதாவது அறிமுறை, கிரேட் 5 பாஸ் பண்ணியிருக்க வேண்டும். வீடியோ சோதனைக்கும் இதே விதிதான். தியரிக்குப் பதிலாக வேறு இரண்டு வழி உண்டு, ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் போவது தியரி வழிதான். டிரினிட்டியிலும் எல்சிஎம்மிலும் இப்படிக் கட்டாயம் இல்லை.

தியரி இப்போது கணினியில், வீட்டில் இருந்தே செய்யலாம். 75 புள்ளிக்கு 50 பாஸ். இன்டர்நெட்டும் கரண்டும் நிற்காத இடமாகப் பாருங்கள். பிள்ளைகள் கிரேட் 5 பியானோவை 13 வயதில் முடித்துவிட்டுத் தியரியைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு ஓ.எல் வந்து எல்லாம் நின்றுவிடும். பாதிப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் பியானோவை விடுகிறார்கள். டிரினிட்டிக்குப் போனாலும் தியரியை விடாதீர்கள். ஓ.எல்லில் மேலைத்தேய சங்கீதம் எடுக்க நினைத்தால் அதற்கும் உதவும்.

என்னிடம் கேட்டால், உங்கள் மகளுக்கு இந்த வருடம் சோதனையே வேண்டாம். கிரேட் 2, 3 அளவில் இருபது, முப்பது சின்னப் பீஸ்கள் வாசிக்கட்டும். ஒன்றுக்கு ஒரு கிழமை, வந்தாலும் வராவிட்டாலும் அடுத்தது. அடுத்த வருடம் டிரினிட்டி கிரேட் 4 அல்லது நேராக 5, நேரடிச் சோதனை, சைட் ரீடிங்கையும் இம்ப்ரொவைசேஷனையும் தெரிவுசெய்து. முதல் நாளே கொழும்புக்குப் போய் நித்திரை கொள்ளட்டும்.

நிலாவெளி அப்பா

ரீச்சர், ஒரு வருடம் சோதனை இல்லாமல் விட்டால் பிள்ளை விட்டுவிடாதா?

டச்சு பே தம்பி

அண்ணா, எங்கள் கோவில் பாலர் பாடகர் குழுவுக்கு ஞாயிறு பின்னேரம் வாசிக்க ஆள் இல்லை. எளிமையான பாட்டுகள். உங்கள் மகனும், அக்காவின் மகளும், விருப்பம் என்றால் யார் பிள்ளையும் வரலாம். எந்தச் சமயம் என்று பார்ப்பதில்லை. பியானோவும் நல்லது, போன கிழமைதான் சுருதி கூட்டினோம்.

உவர்மலை அம்மா

மகளிடம் கேட்டேன். பாமாலைத் தாளை முதலில் தரமுடியுமா, ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தரவேண்டாம் தம்பி, அங்கேயே பார்த்து வாசிக்கட்டும்.

மிஸ்ஸையும் போய்ச் சந்தித்தேன். சைட் ரீடிங் கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கட்டு பழைய புத்தகங்களை எடுத்து, வகுப்பின் முதல் பத்து நிமிடம் இதுதான் என்று மேசையில் வைத்தார்.

சுருதி கூட்டியவரின் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்ப முடியுமா? உப்புக் காற்றில் எங்கள் பியானோவில் கீழ்ப்பக்கம் மூன்று கட்டை ஒட்டிக்கொண்டு எழும்புவதில்லை. மாரி தொடங்க முன் செய்துவிட வேண்டும். உவர்மலையில் இன்னும் இரண்டு வீட்டில் பியானோ இருக்கிறது, மூன்று பேரும் சேர்ந்து அவரை ஒரே நாளில் கூப்பிட்டால் பயணக் காசைப் பங்கு போடலாம்.

டச்சு பே தம்பி

அனுப்பிவிட்டேன் அக்கா. ஞாயிறு நாலு மணி.